கிரேக்காவில் ஓர் அறை

கம்பாலாவின் புறநகரான கிரேக்காவில் அந்த அறையை நபோசா வாடகைக்குப் பிடித்து ஒரு மழைக்காலம் முழுதாகக் கழிந்துவிட்டது. இன்னும் ஒரு ராத்திரிகூட அவள் அங்கே தூங்கியதில்லை.

சாமான்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. காலையில் முகோனோவில் அப்பா வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போது கைப்பையின் அடியில் ஒரு தட்டு, அதன்மேல் துவாலை, அதற்கும் மேலே சாப்பாட்டு டப்பா. இன்னொரு நாள் தலையணை உறையும் ஒரு ஜோடிச் செருப்பும். நீலப் போர்வையைக் கொண்டுபோன அன்று அதை உடம்பில் சுற்றி, மேலே கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்ற அப்பா, குளிரடிக்கிறதா என்று கரிசனமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, நெருக்கியடித்த டாக்ஸி வேனில் வியர்த்து ஊற்றியபடியே போய்ச் சேர்ந்தாள். முப்பத்து மூன்று வயதுப் பெண், சொந்தமாகச் சம்பாதிக்கிறவள், தன் போர்வையைத் தானே திருடிக்கொண்டு போனாள்.

கம்பாலாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண்ணாடிகளைத் தேய்த்து, சட்டத்துக்கு ஏற்ற வடிவத்தில் வெட்டிப் பொருத்தவேண்டும். சாயங்காலம் வீடு திரும்புகிற வழியில் கிரேக்காவில் இறங்கிவிடுவாள். அறையைத் திறந்து, புதிதாக வாங்கிப் போட்டிருந்த மெத்தையில் உட்கார்ந்து, காலை நீட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மணி நேரம் போல. பிறகு பூட்டிக்கொண்டு மறுபடி வேன் பிடிப்பாள். தாமதத்துக்குக் காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லை. ஜிஞ்ஜா சாலையின் நெரிசலைப் பற்றி என்ன சொன்னாலும் நம்புவார்கள்.

அது ஒரு லைன் வீடு. தகரக் கூரை, பொதுக் குழாய், நீளமாக ஒரு வராந்தா. பக்கத்து அறைக்காரி ஹாஜரா வராந்தாவில் கரி அடுப்பை வைத்து மரவள்ளிக் கிழங்கு பொரித்து விற்பவள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"தங்கச்சி, வெளிச்சத்துல வர்ற, வெளிச்சத்துலயே போயிடுற. அந்த ஆளு எப்பதான் வருவாரு?"

"எந்த ஆளுக்கா?"

"ஆளே இல்லாமலா ஒருத்தி ரூம் எடுப்பா?"

அப்படி யாரும் இல்லை என்று நபோசா சொன்னபோது ஹாஜராவின் முகம் விழுந்துவிட்டது. கதை கேட்கலாம் என்று நம்பி உட்கார்ந்திருந்தவள் பாவம், கரண்டியை எடுத்துக்கொண்டு கிழங்கைத் திருப்பப் போய்விட்டாள்.

வீட்டில் சொல்ல நபோசா முயலவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டு முடித்து கை கழுவக் காத்திருந்தபோது, தண்ணீர்ச் செம்பும் கிண்ணமுமாக அவர் முன்னால் மண்டியிட்டு, அந்த வாக்கிலேயே கேட்டாள். வேலைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

அப்பா முபிரு, அரசாங்கக் காப்பிக் கிடங்குகளில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்தவேண்டிய தேவை அவருக்கு வந்ததும் இல்லை. கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"உன்ன யாரு தடுத்தா? போகலாமே. முற்றத்துல பந்தல் போட்டு, ரெண்டு பக்கத்து ஜனமும் உக்காந்து பேசி, நாலு பேர் பாக்கப் போ. நானே கதவத் திறந்து விடுறேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அவர் கோபித்திருந்தால் பதிலுக்கு இவளும் கோபித்திருக்கலாம். இரண்டு அண்ணன்மாரும் வேலை கிடைத்த மறுமாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, தோளில் தட்டிக்கொடுத்து வழியனுப்பியவர் அவர். பெண்ணுக்கு வாசல் வேறு. அந்த வாசல் வழியாகப் போக ஒருமுறை ஏற்பாடாகியும் இருந்தது. மசாக்காப் பக்கத்துப் பையன். தோஹாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே கரைந்துபோனான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா தன் கையாலேயே முன்புறக் கம்பிக்கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நபோசா வரப் பிந்தினால் டார்ச் விளக்கோடு கதவருகே நிற்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். இப்படியொரு தகப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்கம்பக்கம் மெச்சிக்கொண்டது. அவளுக்கும் அது தெரியும். தூரத்திலிருந்து அந்த டார்ச் வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துவது போலிருக்கும்.

அவள் கேட்ட சேதி நன்கியா அத்தைக்குப் போனது. பெண்பிள்ளைகள் விஷயத்தில் விசாரணை, புத்திமதி, தீர்ப்பு எல்லாம் அப்பாவின் தங்கச்சி கையில்தான். அத்தை பின்கட்டுக்கு அவளை இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

"உடம்புல கோளாறா, இல்ல மனசுல எவனாவது இருக்கானா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. உங்கப்பன்கிட்ட நான் பேசுறேன்."

"ரெண்டும் இல்ல அத்தை."

"அப்ப நான் என்னன்னு சொல்லிப் பேசுறது?"

அந்தச் சமயம் அம்மா யூனியா பக்கத்திலேயே உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. வீட்டில் ஒரு சத்தம் கூடினால் மாத்திரையைத் தேடுவாள். எதைப் பேச வாயெடுத்தாலும் அம்மாவின் மாத்திரை டப்பாதான் நபோசாவின் கண்முன் வரும். அதனால்தான் அவள் பேச்சை விட்டுவிட்டுச் சாமான் கடத்த ஆரம்பித்தாள். எல்லாம் போய்ச் சேர்ந்ததும் ஒருநாள் தானும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் எடுத்துப்போக இன்னும் ஏதோ ஒன்று பாக்கியிருப்பதாக ஒவ்வொரு வாரமும் அவளே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடித்தது அம்மா.

ஒரு சனிக்கிழமை இருவரும் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோப்பில் உட்கார்ந்து மறுநாளைக்குக் காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். கறை படிந்த கையைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள், "இந்த வீட்ல எலி கிடையாது. இருந்தாலும் எலி போர்வையத் தூக்கிட்டுப் போகாது. எங்கடி கொண்டுபோய் வச்சிருக்க?"

நபோசாவின் கையில் கத்தி நின்றது. கிரேக்காவில் என்றாள்.

அம்மா இன்னும் சில காய்களை உரித்தாள். மாத்திரையைத் தேடவில்லை. அழவும் இல்லை.

"நான் பாக்கணும்," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்து மாதர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சொன்னது அம்மாதான். எந்த வீட்டில் கூட்டம், யார் யார் வருகிறார்கள், என்ன பலகாரம் என்பதுவரை அப்பாவிடம் அவள் கூசாமல் அடுக்கியதைக் கேட்டு நபோசா அசந்துபோனாள். இந்த வித்தை இத்தனை வருடமாக எங்கே இருந்தது?

அறைக்குள் வந்ததும் அம்மா முதலில் கதவைத்தான் பார்த்தாள். உள்தாழ்ப்பாளைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். பிறகு இடுப்புப் பட்டையை அவிழ்த்து, தோள் கூம்பிய அந்தப் பெரிய கோமேசி உடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உள்பாவாடையோடு மெத்தையில் படுத்தாள். படுத்த வேகத்தில் தூங்கிப்போனாள். வாய் திறந்து, எச்சில் வழிய, குழந்தை தூங்குகிற மாதிரி தூங்கினாள். நபோசா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தன் அறையில் தன் மெத்தையில் வேறொருத்தி தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கும் நேரத்துக்கு அம்மா கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"யாருமே கூப்பிடல," என்றாள் ஆச்சரியத்தோடு.

அதற்குப் பிறகு அம்மா சாவி கேட்டாள். சும்மா ஒரே ஒரு தடவை என்றாள். நபோசா அவளுக்கு ஒரு மறுசாவி செய்து கொடுத்தாள். எந்த மகளால் முடியாது என்று சொல்லமுடியும்? ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அம்மா வாரத்தில் ஒரு நாள் கிளம்பினாள். பிறகு அது இரண்டு நாளாயிற்று. நபோசா சாயங்காலம் வந்து பார்த்தால் ஜன்னலடியில் கிடந்த மெத்தை சுவரோரம் போயிருக்கும். கோப்பைகள் வேறு வரிசையில் கவிழ்ந்திருக்கும். ஒருநாள் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை வந்திருந்தது. அழகான திரைதான். ஆனால் அதைப் பார்த்ததும் பொத்துக்கொண்டு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல், அம்மாமேல் கோபப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டு, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை அவள் முகோனோவுக்குத் திரும்பியபோது கதவருகே டார்ச் இல்லை. கதவு பூட்டப்படாமல் இருந்தது. உள்ளே சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்த தட்டுக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை.

"உங்கம்மா வரல," என்றார்.

அம்மாவின் போன் அணைந்திருந்தது. தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நபோசா அப்போதே வாடகை பைக் பிடித்துக் கிரேக்காவுக்குப் பறந்தாள். வழியெல்லாம், ரத்த அழுத்தம் ஏறி அம்மா அறையில் விழுந்து கிடப்பாளோ என்ற நினைப்புதான். கதவைத் தட்டியதும் தாழ்ப்பாள் விலகியது. அம்மா நன்றாகத்தான் இருந்தாள். மடியில் ஹாஜராவின் கிழங்குப் பொட்டலம்.

"கிளம்பும்மா. அப்பா சாப்பிடாம உக்காந்திருக்காரு."

"தெரியும்."

"என்ன சொல்லிட்டு வந்த?"

"ஒண்ணும் சொல்லல. சொன்னா அவரு பதில் சொல்லுவாரு. அவரு பதில் சொன்னா நான் அங்கேயே இருந்துருவேன்." ஒரு கிழங்குத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். நபோசா வாங்கவில்லை.

"இது என் ரூமும்மா."

"ஆமா. உன் ரூம்தான்."

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. பொட்டலத்தை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குப் பதினெட்டு வயசு. காலையில எங்கப்பா வீட்ல எழுந்திரிச்சேன், ராத்திரி உங்கப்பா வீட்ல படுத்தேன். நடுவுல ஒரு நாள் கிடையாது நபோசா. உனக்கு அந்த நாள் வேணும்னு தோணிச்சு, ரூம் எடுத்துட்ட. எனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே இங்க வந்து படுத்தப்பதான் தெரிஞ்சுது. கொஞ்ச நாள் இருந்துட்டு வந்துடுறேன்."

நபோசா நின்றுகொண்டே இருந்தாள். உட்கார இடம் இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் அழுகை வரும்போலிருந்தது.

முகோனோவுக்குத் திரும்பியபோது அப்பா அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். அம்மா சுகமாக இருக்கிறாள், கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம் என்றாள். எங்கே என்று கேட்டார். கிரேக்காவில் என்றாள். கிரேக்காவில் யார் வீட்டில் என்றார். என் அறையில் என்று சொல்லவேண்டியதாயிற்று. ஒரு வருடமாக எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் எழுதியும் அழித்தும் வைத்திருந்த சேதி, இப்படி வேறொன்றுக்குப் பதிலாக வெளியே வந்து விழுந்தது.

அப்பா எழுந்துபோய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"சாப்பாடு போடு," என்றார்.

நபோசா அடுப்பில் கரி போட்டு மூட்டினாள்.

கொஞ்ச நாள் என்பது வாரமாகி, மாதமும் ஆயிற்று. ஜிஞ்ஜாவில் மூத்தவன் வீட்டில் கைக்குழந்தை, யூனியா உதவிக்குப் போயிருக்கிறாள் என்று தேவாலயத்தில் அப்பா சொன்னார். விடியுமுன் எழுந்து கூட்டிப் பெருக்கி, அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சி, மண்டியிட்டுக் காலை வணக்கம் சொல்லி, மதியத்துக்கு ஆக்கி மூடிவைத்துவிட்டு, வேலைக்கு ஓடி, ஏழு மணிக்குள் வந்து மறுபடி அடுப்பை மூட்டினாள் நபோசா. கிரேக்காவில் இறங்க இப்போது நேரமும் இல்லை, இறங்கினால் உட்கார இடமும் இல்லை. மாதம் பிறந்தால் அந்த அறைக்கு வாடகை மட்டும் அவள் அனுப்பினாள்.

அப்பா அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். கடலைக் குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். அவள் கைக்குச் சூடு பட்டபோது அவரே போய் மருந்து வாங்கிவந்தார். சாயங்காலம் வானொலிச் செய்தி கேட்கும்போது பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அது அம்மாவின் நாற்காலி. ஒரு நாள் காலையில் தேநீர் வைத்தபோது, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "சர்க்கரை பத்தல யூனியா," என்றார். நபோசா சர்க்கரை கொண்டுவந்து போட்டாள். இருவருமே அதைத் திருத்தவில்லை.

நன்கியா அத்தை ஒரு கோழியோடு வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பானையைத் திறந்து பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். திருப்தியாகிவிட்டது.

"உன்ன இங்கேயே வச்சதும் நல்லதுக்குத்தான்டி. கோவம் தணிஞ்சா அவ வருவா. அதுவரைக்கும் நீ இருக்க. வராட்டியும் நீ இருக்க."

அத்தை அன்பாகத்தான் சொன்னாள். கன்னத்தைக் கிள்ளிக்கூடச் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு நபோசாவின் காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் கடையில் கண்ணாடி தேய்க்கும்போது இரண்டை உடைத்தாள். முதலாளி, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கிரேக்காவில் இறங்கினாள். அம்மா வராந்தாவில் ஹாஜராவுக்கு எதிரே உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பல் தெரியச் சிரித்து நபோசா பார்த்ததில்லை. நபோசாவின் முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. கத்தியை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

எப்போது வருவாய் என்று நபோசா கேட்டாள். அம்மா ஆணியில் தொங்கிய கோமேசியைப் பார்த்தாள்.

"வான்னு சொல்லு, இப்பவே வரேன். நீ இங்க வந்துடு. நியாயம்தானே, நீ பிடிச்ச ரூம்."

சொல்லிக்கொண்டே இடுப்புப் பட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நபோசாவின் தொண்டைவரை வந்துவிட்டது. வந்து நின்ற இடத்தில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் அம்மாவோ நானோ யாராவது ஒருத்தி இருந்தே தீரவேண்டும் என்று அம்மாவும் நினைக்கிறாள், நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அதை வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை.

"வேண்டாம்மா. நீ இரு," என்றாள்.

"அப்ப நீ?"

"வேற பாக்கறேன்."

பார்த்தாள். கிரேக்காவுக்குச் சற்று அப்பால், புவேயோகெரேரேவில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் கிடைத்தது. கிரேக்கா அறை அதற்கு அரண்மனை. ஒற்றை ஜன்னல், அதுவும் பட்டறைச் சுவரைப் பார்த்து. இந்த முறை அவள் எதையும் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், பட்டப்பகலில், தன் கட்டில் மெத்தையை இழுத்துவந்து முற்றத்தில் போட்டாள். மேலே துணிப் பெட்டியை வைத்தாள். வாடகைக்குப் பேசியிருந்த பிக்கப் வண்டி வெளியே வந்து நின்றது. பின்னாலேயே வந்த அப்பா மெத்தையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கம்பிக்கதவைச் சாத்தி, மத்தியான வெயிலில் பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்தார்.

நபோசா அவர் முன்னால் போய் நின்றாள். மண்டியிட முழங்கால் தானாக மடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சாவி கொடுங்கப்பா."

மானம், ஊர்ப்பேச்சு, குலப்பெருமை என்று அவர் ஆரம்பிப்பார், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அப்பா கேட்டது அது எதுவும் இல்லை.

"யாரு சமைப்பா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் அந்தக் குரலில் கேட்டறியாத பயம். கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம். இதை எப்படித் தாங்குவது?

"பீன்ஸ் வேகவச்சிருக்கேன். நாளைக்கும் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க கத்துக்கணும்."

"எழுபத்தோரு வயசுலயா?"

"எனக்கும் இந்த வயசுலதான்ப்பா போகத் தெரியுது."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நபோசா திரும்பிவந்து கதவுக்கு அருகில் மெத்தைமேல் உட்கார்ந்தாள். கதவில் ஏறிக் குதிக்கலாம், கத்தலாம், கல்லால் பூட்டை உடைக்கலாம். எதையும் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. உட்கார்ந்திருக்க மட்டும் முடிந்தது. வண்டிக்காரன் ஹார்ன் அடித்து அலுத்து, இருக்கையைச் சாய்த்துப் படுத்துவிட்டான்.

தேவாலயத்திலிருந்து பிந்தி வந்தவர்கள் தெருவில் போனார்கள். கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து முகமன் சொன்னார்கள். அப்பாவும் வராந்தாவிலிருந்து எழுந்து நின்று முறையாகப் பதில் சொன்னார். ஒரு அம்மாள் நின்று, என்ன, மெத்தையைக் காயப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆமாம், நல்ல வெயில், காயப் போட்டிருக்கிறோம் என்றார் அப்பா. மகள் ஏன் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்காததை வீடுவரை சுமந்துகொண்டு போனாள்.

வெயில் சாய்ந்தது. ஏரிப் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் மழை கொட்டத் தொடங்கியது. நபோசா எழுந்திருக்கவில்லை. மெத்தை நனைந்து கனத்தது, தலைமுடியிலிருந்து நீர் கண்ணுக்குள் வழிந்தது. யார் முதலில் எழுந்திருப்பது என்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் மிச்சமில்லாதது போல இருந்தது.

அப்பா குடையோடு வந்தார். அவளுக்குப் பக்கத்தில் நின்று, குடையைப் பெட்டிக்கும் அவளுக்கும் பொதுவாகப் பிடித்தார். அவர் தோள் நனைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"நீயே திற. நான் திறந்து விட்டேன்னு இருக்க வேண்டாம்."

ஈரத்தில் பூட்டு லேசில் திறக்கவில்லை. அவளும் வண்டிக்காரனுமாக மெத்தையைத் தூக்கி ஏற்றும்வரை அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வண்டி திரும்பும்போது பார்த்தாள். அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். கதவு திறந்தபடியே கிடந்தது.

மெத்தை காய்ந்து படுக்க லாயக்காக வெகுநாள் பிடித்தது. அதுவரை தரையில் துணி விரித்துப் படுத்தாள். வந்துவிட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தாளே, அப்படி ஒன்றும் ஆகவில்லை. விடியுமுன் யாரோ கூப்பிட்டதுபோல் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் இருட்டுமுன் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டு, யாரிடமோ நல்ல பெயர் வாங்கியதுபோல் மூச்சு விட்டாள். பிறகுதான் நினைவு வரும், இங்கே யாரும் காத்திருக்கவில்லை என்று. நினைவு வந்தாலும் மறுநாளும் அப்படியே ஓடிவந்தாள். பட்டறையின் கரும்புகை வாசனை போர்வையில் ஏறியது. அந்த ஒற்றை ஜன்னலைப் பார்த்து, இதற்காகவா என்று கேட்டுக்கொண்ட நாட்களும் உண்டு.

நன்கியா அத்தை அண்ணனுக்குத் துணையாக முகோனோவில் போய்த் தங்கினாள். குழம்பில் உப்பு காரணமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை மூண்டு, மாதம் முடியுமுன் மூட்டையைக் கட்டிவிட்டாள். அம்மா கிரேக்காவிலேயே ஹாஜராவோடு சேர்ந்து கிழங்கு வியாபாரத்தில் இறங்கினாள். இப்போது வாடகையும் அவளே கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு முகோனோ போய், மதியம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயுமுன் திரும்பிவிடுவாள். இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நபோசா கேட்டாள். "மழையப் பத்தி," என்றாள் அம்மா.

ஒரு நாள் சாயங்காலம் நபோசாவின் போன் அடித்தது. அவள் வந்ததிலிருந்து அப்பா கூப்பிட்டதே இல்லை. பதறிப்போய் எடுத்தாள்.

"சோளமாவுக்குத் தண்ணி எவ்வளவு?" என்றார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஒன்றுக்கு இரண்டு என்றாள். தண்ணீர் கொதித்த பிறகுதான் மாவு போடவேண்டும், கைவிடாமல் கிண்டவேண்டும், இல்லையென்றால் கட்டி தட்டிவிடும். அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம் கேட்டது. இருவரும் போனை வைக்கவில்லை.

"அடி பிடிக்குது," என்றார் அப்பா.

"தீயக் குறைங்க."

"சரி." மறுபடி கரண்டிச் சத்தம். "நீ சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்ததோ, அவர்தான் வைத்தாரோ தெரியவில்லை. நபோசா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பக்கத்தில் குளிர்ந்து கிடந்தது. வாழைக்காய் உரித்து வைத்திருந்தாள். இன்றைக்கு மூட்டவேண்டாம் என்று தோன்றியது. வெளியே இருட்டிவிட்டிருந்தது. தாழ்ப்பாளைத் திறந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்து, சுடச்சுடச் சப்பாத்தி வாங்கிவந்து, தட்டுகூட எடுக்காமல் சுற்றிக்கொடுத்த காகிதத்திலேயே வைத்துத் தின்றாள்.